மீந்துபோன மருந்து

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆபீஸ் என்று சொல்லப்படும் எந்த ஆலைக்குள் நுழைந்தாலும் அறை வாசலில் தண்ணீரும் மணல் வாளியும் இருக்கும், இருந்தாக வேண்டும். காகிதத்திலோ அட்டையிலோ ஆளின் துணியிலோ பிடித்த தீயை அணைக்க அவை உதவும். அறைக்குள் கலந்து வைத்திருக்கும் மருந்து பற்றிக்கொண்டால் அவற்றால் ஒரு பயனும் இல்லை. யாரும் வாளியைத் தூக்குவதற்குள் அந்தத் தீ தன் வேலையை முடித்திருக்கும்.

விறகு எரிய வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் காற்று நின்று தீயும் நின்றுவிடும். பட்டாசு மருந்துக்கு அந்தத் தேவை கிடையாது. கரித்தூள், கந்தகம், அலுமினியப் பொடி ஆகிய எரிபொருள்களோடு வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட்டும் அதே பொடியில் கலந்திருக்கிறது. சூடேறியதும் வெடியுப்பு தன்னுள் இருக்கும் ஆக்சிஜனை விடுவிக்கிறது. மண்ணுக்குள் புதைத்தாலும், மூடிய டப்பாவுக்குள் அடைத்தாலும் அது எரியும். அடைத்து வைத்தால் இன்னும் மூர்க்கமாக எரியும். எரியும் அலுமினியத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வாயு கிளம்பித் தீக்குத் துணை சேரும். அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் வந்தாலும் பற்றிய அறையை விட்டுவிட்டு, அடுத்த அறை பற்றாமல் காப்பதற்குத்தான் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள்.

ஆகவே பட்டாசுத் தொழிலில் தீக்கட்டுப்பாடு என்பது தீ வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிற காரியம். அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை ஆள், அடுத்த அறை எவ்வளவு தூரம், கலந்த மருந்து எவ்வளவு நேரம் கிடக்கிறது என்கிற நான்கு அளவுகளில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் மூன்றைப் பற்றி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பேசுகிறோம். நான்காவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அதை விளங்கிக்கொள்ள, விருதுநகர் மாவட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத நிலக்கரிச் சுரங்கம் வரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது.

ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி வயலில் 1916-ல் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ இன்னும் முழுதாக அணையவில்லை. தலைமுறைகள் மாறிவிட்டன, ஊர்களை இடம் மாற்றியாயிற்று, தீ மட்டும் அடியில் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தடித் தீக்கு வெளியிலிருந்து பொறி விழவேண்டும் என்பதே இல்லை. வெட்டிய நிலக்கரி காற்றுப் பட்டதும் மெல்ல ஆக்சிஜனை உறிஞ்சும். உறிஞ்சும்போது கொஞ்சம் சூடு பிறக்கும். மெல்லிய படலமாகக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். குவியலாகக் கிடந்தால் நடுவில் பிறந்த சூட்டுக்கு வெளியேற வழியில்லை. மழையில் நனைந்த வைக்கோல் போருக்குள் கையை விட்டுப் பார்த்த எவருக்கும் இது தெரியும். குவியல் பெருகப் பெருக, சூடு பிறக்கும் கொள்ளளவு கூடுகிற வேகத்துக்கு, சூடு வெளியேறும் மேற்பரப்பு கூடுவதில்லை. உள்ளே வெப்பம் ஏற ஏற உறிஞ்சலும் வேகமெடுக்கும். ஒரு கட்டத்தைத் தாண்டினால் பிறகு நிறுத்த முடியாது.

சுரங்கப் பொறியாளர்கள் இதற்கு ஒரு கால அளவு வைத்திருக்கிறார்கள். காற்றுப் பட்டதிலிருந்து தானாகத் தீப்பிடிக்கும் நிலை வரை ஆகும் காலம் அது; அடைகாலம் என்று சொல்லிக்கொள்ளலாம். கரியின் தன்மையைப் பொறுத்து அது சில மாதங்களாக இருக்கலாம், ஒரு வருடத்தைத் தாண்டியும் போகலாம். சுரங்கத்தை ஒரே பரப்பாக வெட்டாமல் தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்து, அந்தக் காலத்துக்குள் வெட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் ஒரு பாத்தியை அமைக்கிறார்கள். வெட்டி முடிந்ததும் சுவர் எழுப்பிக் காற்றை அடைத்துவிடுகிறார்கள். காலியான இடத்தில் மணலை நிரப்புவதும் நைட்ரஜனைச் செலுத்துவதும் உண்டு. சுவருக்குப் பின்னாலிருந்து காற்றின் மாதிரி எடுத்து, குறைந்துபோன ஆக்சிஜனுக்குக் கார்பன் மோனாக்சைடு என்ன விகிதத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்த விகிதம் ஏறினால் உள்ளே சூடேறுகிறது என்று பொருள். புகை தெரிவதற்கு வெகு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பாத்தியின் அளவை நிர்ணயிக்கும் முறைதான். எவ்வளவு வெட்ட முடியும் என்பதை வைத்து அது முடிவாவதில்லை. எவ்வளவு நாள் விட்டுவைக்கலாம் என்பதை வைத்தே முடிவாகிறது. பட்டாசு மருந்துக்கும் ஒரு அடைகாலம் உண்டு. அது மாதக்கணக்கில் இருக்காது. மருந்தில் ஈரம் ஏறினால் சில மணி நேரம், சில சமயம் ஒரே ராத்திரி.

அலுமினியப் பொடியின் ஒவ்வொரு துகள் மேலும் மெல்லிய ஆக்சைடு படலம் போர்த்தியிருக்கும். அந்தப் படலம் இருக்கும்வரை பொடி அடங்கிக் கிடக்கும். நைட்ரேட் உப்போடு கலந்த அலுமினியத்தில் ஈரம் சேர்ந்தால் மெதுவாக ஒரு வேதிவினை ஆரம்பிக்கிறது. அதில் அமோனியா பிறக்கிறது. அமோனியா காரத் தன்மை உடையது. காரம் அந்தப் படலத்தைக் கரைக்கும். படலம் கரைந்தால் புது அலுமினியம் வெளியே வரும். வினை இன்னும் வேகமாகும். இன்னும் அமோனியா, இன்னும் சூடு. தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும் வினை இது. உள்ளங்கை அளவு மருந்து தட்டில் பரப்பிக் கிடந்தால் சூடு பறந்துபோகும். அதே மருந்து ஐந்தாறு கிலோவாக ஒரு வாளியில் மூடிக் கிடந்தால் நிலக்கரிக் குவியலின் கதைதான். ஆனால் நூறு மடங்கு வேகத்தில். இதைத் தடுக்கக் கலவையில் சிறிதளவு பாரிக் அமிலம் சேர்ப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். காரம் தலைதூக்கும்போதே அமிலம் அதை அடக்கிவிடும். இருந்தாலும் அது அவகாசம் வாங்கித் தரும் ஏற்பாடுதானே தவிர, நிரந்தரக் காப்பு இல்லை.

பட்டாசு விபத்துச் செய்திகளில் “நீர்த்துப்போன மருந்து” என்ற சொல் அடிக்கடி வருவதைக் கவனித்திருக்கலாம். முந்தின நாள் மழை வந்திருக்கும், அல்லது வேலை முடியும் நேரத்தில் மருந்து மீந்திருக்கும். காலையில் பாத்துக்கிடலாம் என்று மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மறுநாள் முதலில் வந்தவர் அதைத் தொட்டிருப்பார், கிளறியிருப்பார், இடம் மாற்றியிருப்பார். உள்ளே ஏற்கெனவே சூடேறியிருந்த மருந்துக்கு அந்தச் சின்ன உராய்வே போதுமானதாக இருந்திருக்கும். செய்தியில் “உராய்வு காரணமாக” என்று வரும். அந்தக் காரணம் பொய் இல்லை. ஆனால் அந்த மருந்து முந்தின நாள் மாலையிலேயே உயிர்ப்பலி கேட்கத் தயாராகிவிட்டிருந்தது.

வானம் பார்த்த கரிசல் பூமி என்பதால்தான் இந்தத் தொழில் இங்கே நிலைத்தது. 1920-களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது, வருடத்தில் பெரும்பகுதி வெயில் காயும் ஊர் அதற்குத் தோதாக இருந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் வந்தது. இன்று மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பங்கு இங்கிருந்துதான் போகிறது. அதே வறண்ட வானிலை இன்னொரு பக்கம் ஆபத்தாகவும் இருக்கிறது. ஈரம் இல்லாத காற்றில் நிலைமின்சாரம் சேரும். நைலான் சேலை உடுத்தி நடந்தாலே ஒருவர் உடம்பில் 10,000 வோல்ட் வரை ஏறிவிடலாம். மூவாயிரம் வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் தொட்டவருக்கே ‘சுரீர்’ என்று தெரியாது. பத்தாயிரம் வோல்ட்டில் உடம்பிலிருந்து தாவும் பொறியின் ஆற்றல் சில மில்லிஜூல்தான். மருந்துக் கலவைகளில் சில இந்தப் பொறிக்கே பற்றக்கூடியவை.

அதனால் மருந்து அறைக்குள் நுழையும் முறை ஒன்று இருக்கிறது. பருத்தித் துணி உடுத்த வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் போக வேண்டும். வாசலில் பூமியோடு இணைத்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். தரையில் மின்சாரத்தைக் கடத்தும் ரப்பர் விரிப்பு. சிந்திய மருந்து கல்லில் உரசக் கூடாது. சல்லடையும் கரண்டியும் இரும்பில் இருக்கக் கூடாது; பித்தளை, மரம், மூங்கில் என்றால் பொறி வராது. காலை வெயில் ஏறுமுன்பே மருந்து கலக்கும் வேலையை முடித்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். இடி மின்னல் வந்தால் எல்லாரும் வெளியேற வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துச் செலவு அதிகமில்லை. செம்புத் தகட்டைத் தொட ஒரு நொடிதான் ஆகும். அவசரத்தில் விட்டுப்போவதும் அந்த ஒரு நொடிதான்.

கோடையில் வறட்சி, ஐப்பசியில் ஈரம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், ஆர்டர் உச்சத்தில் இருக்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் நெருங்கி வரும். காயவைக்கும் மேடையில் போட்ட, மணிகளாக உருட்டிய மருந்து சரியாகக் காய்ந்திருக்காது. வேலை ஆட்களுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. ஈரமும் அவசரமும் ஒரே மாதத்தில் வந்து சேர்வதுதான் இந்தத் தொழிலின் கொடுமை.

கலவை எது என்பதும் முக்கியம். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உராய்வுக்கே வெடிக்கும். கந்தகத்தில் ஒட்டியிருக்கும் துளி அமிலம் கூட அதைத் தானாகப் பற்றவைக்கலாம். இந்தியாவில் குளோரேட்டுடன் கந்தகம் கலந்த வெடிபொருளை 1992-ல் மத்திய அரசு தடை செய்தது. பட்டாசுத் தொழிலைக் காப்பாற்றிய முடிவுகளில் இது முதன்மையானது என்று நினைக்கிறேன். 2018-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டுமே என்று சொன்னது; பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. காற்று மாசைக் குறைக்க அது தேவைதான். ஆனால் கலவை மாறினால் அதன் குணமும் மாறும். பேரியம் நைட்ரேட்டோடு இருபது வருடம் பழகிய கை, புதுக் கலவையின் குணத்தைப் பழகிக்கொள்ளக் காலம் வேண்டும். அந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டியவர்கள், சட்டம் மாறிய வேகத்தில் மாறவில்லை.

இனி ஆள் கணக்கு. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று விதி. பலரும் இதை இடநெருக்கடி சம்பந்தமான விதியாக நினைக்கிறார்கள். உண்மை அதைவிடக் கடுமையானது. அந்த அறை வெடித்தால் உள்ளே இருப்பவர் தப்புவது அரிது என்று ஒப்புக்கொண்டு, அப்படியானாலும் நான்கு பேரோடு நிற்கட்டும் என்று வகுத்த எல்லை அது. அதே அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் வெடிக்கும் வாய்ப்பும் கூடும், போகும் உயிரும் கூடும்.

மருந்தின் அளவுக்கும் இப்படியொரு நியாயம் இருக்கிறது. மின்னல் போல வெடிக்கும் அலுமினியக் கலவையைத் திறந்த வெளியில் ஒரு சிட்டிகை வைத்துப் பற்றவைத்தால் குபுக்கென்று எரிந்து அடங்கும். அதையே குவித்து வைத்தால், எதற்குள்ளும் அடைக்காவிட்டாலும் வெடிக்கும். அளவு கூடும்போது விபத்தின் ரகமே மாறுகிறது. தூரத்துக்கும் ஒரு சூத்திரம் உண்டு: வெடியின் அழுத்தம் எட்டும் தூரம், மருந்து எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. எட்டு மடங்கு மருந்து வைத்தால் அதே அழுத்தம் இரண்டு மடங்கு தூரத்துக்குப் போகும். அறைகளுக்கு நடுவே விட்ட இடைவெளி, உரிமத்தில் சொன்ன எடைக்குக் கணக்கிட்டது. எடையைக் கூட்டினால் அடுத்த அறை தள்ளிப் போய் நிற்காது.

அந்த இடைவெளியைக் காலியாக வைத்திருப்பதும் பாதுகாப்பில் சேர்ந்ததே. நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு மூலையில் வாயு வெடித்தால் அதன் அதிர்ச்சி தரையில் படிந்த கரித்தூளைக் கிளப்பும். அந்தத் தூள் அடுத்து வெடிக்கும். இப்படிச் சங்கிலியாக மைல்கணக்கில் ஓடும். பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10 அன்று 1,099 பேர் இறந்தது இப்படிக் கரித்தூள் சங்கிலியாக வெடித்ததில்தான். அதன் பிறகு சுண்ணாம்புக் கல் தூளைக் கரித்தூளோடு கலந்து தூவும் முறை பரவலானது. எரியாத தூள் நடுவில் இருந்தால் சங்கிலி அறும். பட்டாசு ஆபீசில் அறைகளுக்கு இடையிலுள்ள வெற்றுத் தரைதான் அந்தக் கல் தூள். வெயிலுக்குப் பயந்து அங்கே மரநிழலில் உட்கார்ந்து மருந்து செலுத்தினால், பாதையில் மருந்து சிந்தினால், திரிக்கட்டும் அட்டைப்பெட்டியும் அடுக்கினால், ஓர் அறைத் தீ இன்னோர் அறைக்கு நடந்துபோகப் பாலம் கட்டியாயிற்று. சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிப்பில் 2021 பிப்ரவரி 12 அன்று இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓர் அறையோடு தீ நின்றிருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது.

2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் நடந்தது இன்னும் கொடியது. செய்த பட்டாசை மாதிரிக்கு வெடித்துப் பார்த்தபோது பறந்த பொறி, விற்பனைக்கு வைத்திருந்த சரக்கில் விழுந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பட்டாசு வெடித்துப் பார்க்கும் இடமும் பட்டாசு இருக்கும் இடமும் ஒன்றின் கண்ணுக்கு ஒன்று தெரியக்கூடாத தொலைவில் இருக்க வேண்டும் என்பதற்கு அறிவியல் விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

மீட்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். அடுத்தடுத்த வெடிப்பு அவர்கள் மேல் விழுந்தது. சுரங்க வரலாறும் இதே பாடத்தைக் கனத்த விலை கொடுத்துத்தான் கற்றது. வெடிப்புக்குப் பிறகு சுரங்கத்தில் நிறையும் கார்பன் மோனாக்சைடு, தோழனைத் தேடி இறங்கியவனையும் சேர்த்துக் கொன்றது. அதனால் மூச்சுக் கருவியும் தனிப் பயிற்சியும் பெற்ற மீட்புக் குழு வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று சுரங்கங்களில் விதி வந்தது. பட்டாசு ஆலைகளைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிராமத்திலும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சொந்தபந்தம் உள்ளே இருக்கும்போது வெளியே நில் என்று சொல்வது எளிதல்ல. அதற்காகத்தான் விபத்து நடக்காத நாளில் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் நடக்கிறது? வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை இருக்கிறது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று அளவுக்கு ஏற்ற உரிமங்கள் இருக்கின்றன. போர்மேன்களுக்குப் பயிற்சி இருக்கிறது. ஆனால் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை நாலைந்து பேருக்கு உள்குத்தகைக்கு விட்டால் மொத்த வளாகத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு குத்தகைக்காரருக்கும் தன் சரக்கு சீக்கிரம் போக வேண்டும். மருந்து செலுத்துகிறவர்களுக்குப் பல இடங்களில் உருப்படிக் கணக்கில்தான் கூலி. கூடுதலாக ஆயிரம் குழாய் நிரப்பினால் கூடுதலாகக் காசு. நிரப்பும் வேகம் கூடினால் கலக்கிறவர் முன்கூட்டியே அதிகம் கலந்து வைக்க வேண்டியிருக்கும். மாலையில் மழை வந்து வேலை நின்றால் அந்த அதிகம் அப்படியே மீந்துவிடும். மீந்ததைப் போர்மேன் அழிக்கச் சொன்னால் நட்டம். மூடி வைத்தால் நாளைய கூலி. வேதியியலுக்கு எதிராக இங்கே கூலிக் கணக்கு நிற்கிறது.

மருந்து கலக்கிறவருக்கும் செலுத்துகிறவருக்கும் உருப்படிக் கணக்கை ஒழித்து நாட்கூலியோ மாதச் சம்பளமோ கொடுக்க வேண்டும். பெட்டி ஒட்டுவதற்கும் லேபிள் போடுவதற்கும் உருப்படிக் கணக்கு இருந்துவிட்டுப் போகட்டும், மருந்துக்கு வேண்டாம். மருந்து கலப்பதை மனிதக் கையிலிருந்து எடுத்து, தடுப்புச் சுவருக்கு அப்பாலிருந்து இயக்கும் இயந்திரத்திடம் கொடுப்பதை நோக்கிப் பெரிய ஆலைகளாவது நகர வேண்டும். சிறிய ஆலைகளால் அது உடனே முடியாது என்பது தெரியும். அவர்களால் முடிகிற ஒன்று உண்டு. இன்று கலந்தது எவ்வளவு கிலோ, செலுத்தியது எவ்வளவு, மீந்தது எவ்வளவு, மீந்ததைச் சிறிது சிறிதாக எந்த இடத்தில் அழித்தோம் என்று தினமும் மாலை போர்மேன் கையெழுத்தோடு ஒரு பலகையில் எழுதித் தொங்கவிடலாம். தராசு ஏற்கெனவே இருக்கிறது, பலகைக்குச் செலவு சில நூறு ரூபாய். ஆய்வுக்கு வருகிற அதிகாரி வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பலகையைப் பார்க்கட்டும்; மீந்தது என்ற இடத்தில் எண் இருந்து, அழித்தது என்ற இடம் காலியாக இருந்தால் அந்த அறையை அன்றே பூட்டட்டும்.